சந்தனம் கலையாத சுவிட்ச்

அத்தியாயம் 4

ஒருவரைக் காப்பாற்ற இன்னும் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், பெரிய துப்பறிபவர்கள் உடனே காரில் ஏறிப் பறப்பார்கள். குருபிரசாத் அன்று காலை பத்து மணிக்குச் செய்த முதல் காரியம், வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் என்பதைச் சொல்ல மறந்தது. முகமது இஸ்மாயில் பக்கவாட்டில் சாய்ந்தார். ஸ்னேகா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"வழக்கமா நம்ம கிளையண்ட்டெல்லாம் ரிப்போர்ட்டைப் படிச்சப்புறம்தான் சாய்வாங்க" என்றாள்.

'குருபிரசாத் இன்வெஸ்டிகேஷன்ஸ்' கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்துவந்தது. நடந்துவந்தது என்பது கூட கொஞ்சம் அதிகம்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குருபிரசாத் ஆரம்பித்த கடை அது. இதுவரை துலக்கிய வழக்குகள் ஏழு. நாலு கல்யாண விசாரணை. இரண்டு காணாமல் போன பூனை, அதுவும் இரண்டு தடவையும் ஒரே பூனை. ஏழாவது, அவரே தொலைத்த குடை. அதைக்கூட ஸ்னேகாதான் கண்டுபிடித்தாள் என்பது வெளியே தெரியாது. ஸ்னேகா இதே ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று இங்கே வந்து சேர்ந்தவள். ஒன்றரை வருஷமாக அந்த நல்ல வேலையும் வரவில்லை, இவளும் வாயை மூடவில்லை.

இஸ்மாயில் கிடர்பூர்க்காரர். காயல்பட்டினத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். இருபத்தெட்டு வருஷம் கப்பலில் மின்சார வேலை. இப்போது, ஓடி முடித்த எலெக்ட்ரிக் பஸ்களிலிருந்து கழற்றிய பேட்டரிகளை வாங்கி, அதிலிருந்து வரும் டி.சி. கரண்டை வீட்டுக்கும் கடைக்கும் ஆகிற ஏ.சி. கரண்டாக மாற்றிக் கொடுக்கிறார். ஜூலை மாதம் பெஹாலாவில் காமு மெஸ்ஸுக்கு அப்படி ஒன்று போட்டுக்கொடுத்தார். கரண்ட் போனாலும் அங்கே கிரைண்டர் நிற்காது.

வினை வந்தது துர்கா பூஜை நவமி அன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பந்தல் சாமான் ஏற்றிய லாரி ஒன்று மெஸ் இருக்கும் சந்தில் கம்பியில் மாட்டி இழுத்துவிட்டது. சரிசெய்ய வந்த லைன்மேன் ஜெயந்த், சந்து முனைப் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கி, கம்பியில் கரண்ட் இல்லை என்று கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினார். பத்து நிமிஷத்தில் செத்துக் கிடந்த கம்பிக்கு உயிர் வந்துவிட்டது. ஜெயந்த் பிழைத்தார். ஆனால் வலது கை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மெஸ்ஸின் பேட்டரி கரண்ட்தான் வீட்டு வயரிங் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போயிருக்கிறது, இஸ்மாயில் போட்ட வேலை தப்பு என்று விசாரணை ரிப்போர்ட் எழுதியாகிவிட்டது. நாளைக் காலை பதினொரு மணிக்கு மின் ஆய்வாளர் ஆபீசில் கடைசி விசாரணை. அங்கே ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டால் இஸ்மாயிலின் லைசென்ஸ் ரத்து. பின்னாலேயே போலீஸ் கேஸ்.

"லைசென்ஸ் போனாப் போகுது சார்" என்றார் இஸ்மாயில். "ஒரு மனுசன் கையை நான் எரிச்சேன்னு எழுதிட்டாங்க. எட்டு நாளா ஒவ்வொரு ஸ்க்ரூவா நெனச்சுப் பாக்குறேன். தப்பு செய்யலைன்னுதான் தோணுது. ஆனா இப்ப எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு."

குருபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. சங்கதி என்னவென்றால், நவமி அன்று ஐந்தரை மணிக்கு அவர் காமு மெஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தார். சம்பவ இடத்தில், சம்பவ நேரத்தில், துப்பறிபவரே நேரில் ஆஜர். கூர்ந்து கவனித்தது மெதுவடையை மட்டும். விளக்கு அணைந்தது, முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது, இன்னொரு வடை கேட்டார். தெருவில் யாரோ அலறியதைப் பூஜைக் கூத்து என்று நினைத்துக்கொண்டு சட்னியைத் தொட்டார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்குக் கூசியது. நாளைக்குள் உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று இஸ்மாயிலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது.

மதியம் ஒரு மணிக்கு இருவரும் பெஹாலாவில் இருந்தார்கள். மெஸ்ஸின் சமையல்கட்டைத் தாண்டி ஒரு நடை, அதன் கோடியில் பேட்டரி அறை. சம்பவம் நடந்த அன்றே போலீஸ் பூட்டிச் சீல் வைத்த அறை அது. ஸ்டேஷனில் வாங்கிய அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் மது அரை மணி நேரம் என்று சொல்லித் திறந்துவிட்டு, ஃபில்டர் காப்பி கிடைக்குமா என்று பார்க்கப் போய்விட்டார்.

உள்ளே நுழைந்த ஸ்னேகா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் குருபிரசாத் பதறி, என்ன ஆபத்து என்று கேட்டார். ஆபத்தில்லை, அழகு என்றாள். பஸ் பேட்டரியில் இருப்பது நானூறு வோல்ட் டி.சி. அதைச் சாதாரண சுவிட்சில் அணைத்தால் அணையாது, இரண்டு தகட்டுக்கும் நடுவில் நெருப்பு நின்று எரியும். இஸ்மாயில் அதற்கென்றே செய்த பிரேக்கரும் ஃபியூஸும் போட்டிருந்தார். கை படக்கூடிய இடமெல்லாம் மூடி. பூமிக்குள் இறக்கிய தனி எர்த். தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் எச்சரிக்கை. குருபிரசாத் குடைக் கம்பியால் எதையோ சுட்டிக்காட்டப் போனார். அவள் குடையைப் பிடுங்கி மூலையில் வைத்தாள்.

"வேண்டாம் சார். மூடியிருக்குதான், ஆனா உங்க திறமை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர். அங்கே டி.சி. ஏ.சி. ஆகிறது. அங்கிருந்து சுவரில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, அதில் ஒரே ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் வீட்டுக்குத் தெருக் கரண்ட் வரும், கீழே இழுத்தால் பேட்டரிக் கரண்ட் வரும், நடுவில் விட்டால் எதுவும் வராது. ஒரே கைப்பிடி ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் இருக்க முடியாது. ஆகவே பேட்டரிக் கரண்ட் தெருவுக்குப் போகவே வழியில்லை. இதுதான் இஸ்மாயிலின் கட்சி.

ரிப்போர்ட்டின் கட்சி வேறு. ஸ்னேகா அதை மொபைலில் திறந்து படித்துக் காட்டினாள். எழுதியவர் முட்டாள் இல்லை என்பதுதான் சங்கடம். கைப்பிடி மேலே, தெருப் பக்கம் இருக்கிறது. கைப்பிடியும் பெட்டியும் சேரும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பி, காய்ந்து, விரிசல் இல்லாமல் இருக்கிறது. கைப்பிடியை ஒரு தடவை அசைத்திருந்தாலும் அந்தப் பூச்சு உடைந்திருக்கும். இது விஸ்வகர்மா பூஜைக்குப் பூசியது. விஸ்வகர்மா பூஜை நவமிக்கு இரண்டு வாரம் முந்தி. அந்த இரண்டு வாரத்தில் சந்தில் ஐந்து தடவை கரண்ட் போய், ஐந்து தடவையும் மெஸ் பேட்டரியில் ஓடியிருக்கிறது. சுவிட்சைத் திருப்பாமலே பேட்டரி ஓடியிருக்கிறது என்றால், சுவிட்ச் வெறும் பொம்மை. எலெக்ட்ரீஷியன் ரகசியமாக நேர் வயர் ஒன்று போட்டிருக்கிறார், சம்பவம் நடந்த ராத்திரி ஓடிவந்து, போலீஸ் பூட்டுவதற்குள் அதைக் கழற்றிவிட்டார்.

இஸ்மாயில் அன்று ராத்திரி ஓடிவந்தது உண்மை. கேள்விப்பட்டதும் பதறி வந்தவர், அறைக்குள்ளும் போனார்.

குருபிரசாத் சுவிட்ச் பெட்டி அருகே குனிந்தார். நல்ல சந்தனம், நடுவில் வட்டமாகக் குங்குமம், கைப்பிடியின் கழுத்தில் வதங்கின கதம்பம். மூன்று நிமிஷம் குனிந்தபடி இருந்தார். துப்பறிகிறார் என்று ஸ்னேகா நினைத்தாள். உண்மையில் இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. நிமிர முடியாமல் நின்ற அந்த மூன்று நிமிஷத்தில்தான் அவருக்கு மூளை வேலை செய்தது.

"ஸ்னேகா, தமிழ்க்காரா வீட்டுல மெஷினுக்கெல்லாம் எப்போ பொட்டு வைப்பா?"

அவள் யோசித்தாள். "ஆயுத பூஜை. நவமி அன்னிக்கு."

அவ்வளவுதான் விஷயம். கொல்கத்தாவில் மெஷினுக்கு சந்தனம் என்றாலே விஸ்வகர்மா பூஜை. அது அரிச்சுவடி மாதிரி, யாரும் யோசிக்கவே மாட்டார்கள். ரிப்போர்ட் எழுதினவரும் யோசிக்கவில்லை. ஆனால் இது காமு மாமியின் மெஸ். பெஹாலாவில் நாற்பது வருஷம் இருந்தும் மாமிக்கு மெஷின் பூஜை நவமியில்தான். அப்படியானால் பூச்சு இரண்டு வாரப் பழசு இல்லை. சம்பவத்தன்று மத்தியானம் வைத்தது. முந்தின ஐந்து தடவையும் சுவிட்சை ஒழுங்காகத் திருப்பித்தான் பேட்டரியை ஓட்டியிருக்கிறார்கள். ரகசிய வயரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

மாமி அதை ஒரே நிமிஷத்தில் ஊர்ஜிதம் செய்தார். விஸ்வகர்மா பூஜை அவா பண்டிகை, நமக்கு நவமிதான் என்றார். விசாரணைக்கு வந்தவர்கள் இது பூஜையில் வைத்ததா என்று கேட்டார்களாம், மாமி ஆமாம் என்றாராம். எந்தப் பூஜை என்று அவர்களும் கேட்கவில்லை, மாமியும் சொல்லவில்லை. அத்தாட்சிக்கும் பஞ்சமில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் மாமி ஆயுத பூஜைப் படம் முப்பத்தெட்டு போட்டிருந்தார். கிரைண்டர், மிக்சி, அரிவாள்மணை, தையல் மெஷின், எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு. இருபத்தொன்பதாவது படம் இந்தச் சுவிட்ச். சந்தனம் ஈரமாகப் பளபளத்தது. நவமி, மத்தியானம் பன்னிரண்டு பத்து.

குருபிரசாத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துப்பு அவர் கண்ணில் பட்டு, அது சரியாகவும் இருந்தது. உடனே இஸ்மாயிலுக்கு போன் போடப் போனார்.

"ஒரே ஒரு டவுட் சார்" என்றாள் ஸ்னேகா. "நவமி மத்தியானத்துலேர்ந்து சுவிட்சை யாரும் திருப்பலே. சாயங்காலம் தெருவுல கரண்ட் இல்லே. அப்போ நீங்க எந்த வெளிச்சத்துல வடை சாப்பிட்டீங்க?"

குருபிரசாத் போனைப் பைக்குள் போட்டார்.

இதற்கு விடை சொல்லாவிட்டால் நாளைக்கு ஆய்வாளர் அதே கேள்வியைத்தான் கேட்பார், பழி திரும்பவும் இஸ்மாயில் தலையில்தான் விழும். ஸ்னேகா மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். இன்வெர்ட்டரின் முகப்பில் 'டெஸ்டுக்கு மட்டும்' என்று எழுதிய சின்ன சாக்கெட் ஒன்று இருந்தது. அதன் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பாகியிருந்தது. நடையில், கதவிலிருந்து நாலடி தள்ளி, வீட்டுச் சாக்கெட் ஒன்று. அதிலும் அதே பழுப்பு.

அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். வழக்கமாக ஒரு வயரின் ஒரு முனையில்தான் பின் இருக்கும், மறு முனையில் ஓட்டை இருக்கும். இரண்டு முனையிலும் பின் வைத்த வயர் ஒன்றை யாரோ இந்தச் சாக்கெட்டிலும் அந்தச் சாக்கெட்டிலும் சொருகியிருக்கிறார்கள். சுவிட்சைத் தொடாமலே வீடு முழுக்கப் பேட்டரிக் கரண்ட் பாய்ந்துவிட்டது. கைப்பிடி தெருப் பக்கம் இருந்ததால் அப்படியே கம்பிக்கும் ஏறிவிட்டது. ஒரு தெருவையே இழுக்கிற சுமை வந்திருந்தால் இன்வெர்ட்டர் தானாக நின்றிருக்கும். ஆனால் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு அந்தத் துண்டுக் கம்பியில் இருந்தது மூன்றே வீடு. ஒரு வீட்டார் பூஜை லீவுக்குப் புரி கோயிலுக்குப் போயிருந்தார்கள், இன்னொரு வீட்டார் திகா கடற்கரைக்குப் போயிருந்தார்கள், மூன்றாவது இந்த மெஸ்தான்.

"இரண்டு பக்கமும் பின் வெச்ச வயருக்கு எங்க லேபில தற்கொலை வயர்னு பேரு. ஒரு பக்கம் சொருகினா இன்னொரு பக்கம் கையில இருக்கிற பின்னுல கரண்ட் வெளியே நிக்கும். எந்தக் கடையிலயும் விக்க மாட்டாங்க சார். யாரோ ஒரு மகா மடையன் உட்கார்ந்து செஞ்சிருக்கணும்."

அந்த மகா மடையனைக் குருபிரசாத்துக்கு ஐம்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

போன வருஷ நவராத்திரி. மாமி வீட்டுக் கொலுவுக்கு சீரியல் பல்பு கட்டும் பொறுப்பு, அங்கே வீட்டுப் பிள்ளை மாதிரி பழகிய குருபிரசாத்துடையது. ஏழு படி, நானூறு பல்பு, மூன்று மணி நேரம். கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் சரத்தைத் தலைகீழாகக் கட்டியிருந்தார். பின் மேல் படியில் ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பின்னால் போய்விட்டது, சாக்கெட் பக்கம் வந்து நின்றது ஓட்டை. அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கலாம். ஒரு புத்தியுள்ள ஆள் அதைத்தான் செய்திருப்பான். குருபிரசாத் ஒரு வயரை எடுத்து இரண்டு முனையிலும் பின் வைத்து முறுக்கி, சொருகி, பல்பு எரிந்ததும் எல்லோரையும் கைதட்ட வைத்தார். அதைத் தன் கண்டுபிடிப்பு என்று வேறு சொல்லிக்கொண்டார்.

"சார், உங்களுக்கு வேர்க்குது."

"காமு மெஸ் ரசம்" என்றார் குருபிரசாத். அன்றைக்கு அவர் இன்னும் சாப்பிடவே இல்லை.

இப்போதே கிளம்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சந்தன விஷயத்தை மட்டும் நாளைக்குச் சொன்னால் போதாதா? போதாது. எந்த வெளிச்சத்தில் வடை சாப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் குடைசாய்ந்துவிடும். அந்த வயர் வேண்டும். அது எங்கே இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாத நேரத்தில் மூளை இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கல்லாவில் மாமியின் கணவர் பாலசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வந்ததிலிருந்து மூன்று தடவை சில்லறையைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். குருபிரசாத் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மாமியிடம் திரும்பிக் கொலுப் பெட்டி எங்கே என்று கேட்டார். மாமாவின் கையிலிருந்து சில்லறை போட்டிருந்த டபரா நழுவித் தரையில் உருண்டது.

நவராத்திரி முடிந்ததும் பொம்மைகளைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டால், அடுத்த வருஷம் வரை யாரும் திறக்கமாட்டார்கள். ஒன்றை ஒளித்துவைக்க ஒரு தமிழ் வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்னேகா ஸ்டூலில் ஏறிப் பெட்டியை இறக்கினாள். செட்டியார் பொம்மையின் அடியில், வங்காளி நியூஸ் பேப்பரில் சுற்றி, அது இருந்தது. சுருட்டிய வயர், இரண்டு முனையிலும் கருகின பின். நடுவில் பளிச்சென்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று. 'குருபிரசாத் இன்வெஸ்டிகேஷன்ஸ். எதையும் கண்டுபிடிப்போம்.' கீழே போன் நம்பர். போன வருஷம் விளம்பரத்துக்காக ஆயிரம் ஸ்டிக்கர் அடித்து, கண்ட இடமெல்லாம் ஒட்டியதில் ஒன்று.

ஸ்னேகா ஸ்டிக்கரைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். அவளிடம் ஜோக் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாமா மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். நவமி அன்று பந்தல் கூட்டம் அத்தனையும் மெஸ்ஸில். விளக்குப் போய்விட்டது. சுவிட்சைத் திருப்பலாம் என்றால் பூஜையில் வைத்த சாமானை மறுநாள் புனர்பூஜைக்கு முன்னால் தொடக்கூடாது என்று மாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கைப்பிடியைத் தொடாமல் என்ன வழி என்று யோசித்தபோது, கொலுவுக்கு மாட்டியிருந்த இந்த வயர் கண்ணில் பட்டது. கரண்டை எந்தப் பக்கத்திலிருந்தும் கொடுக்கலாம் என்று போன வருஷம் குருதானே பெருமையாகச் சொன்னான்? சொருகினார். விளக்கு எரிந்தது. தெருவில் அலறல் கேட்டதும் பிடுங்கினார்.

"அந்தப் பையன் விழுந்து கெடந்ததைப் பார்த்தேன்டா குரு. சொல்லிடணும்னு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். வயர்ல உன் பேரு போட்டிருக்கே. உன்னையும் சேர்த்து இழுத்துடுவாளேன்னு திரும்பி வந்துட்டேன்."

காமு மாமி கொலுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "தொடப்படாதுன்னு நான்தானே சொன்னேன்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

குருபிரசாத்தின் கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்துக்குப் போயிருந்தது. பழைய பசை, சுலபமாக வந்துவிடும் போலிருந்தது. ஓரம் கொஞ்சம் தூக்கியும்விட்டது.

"அதை எடுத்தாலும் இஸ்மாயில் தப்பிச்சிடுவார் சார்" என்றாள் ஸ்னேகா. "மாமா மட்டும்தான் மாட்டுவார்."

அவள் திட்டியிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். வெறும் தகவலாகச் சொன்னாள். குருபிரசாத் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டினார்.

மறுநாள் பதினொரு மணி. மின் ஆய்வாளர் சைதன்யாவின் அறையில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் இஸ்மாயில், இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு. எதிரே ஜெயந்த். முப்பது வயதுகூட இருக்காது. வாக்குமூலம் கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார், வலது கை முழங்கை வரை கட்டு. வந்ததற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இடது கையால் பேனாவைப் பிடித்து, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, நாலு எழுத்துக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். குருபிரசாத் ராத்திரி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்த வேடிக்கைப் பேச்செல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு மறந்துபோனது.

சந்தனத்தை ஸ்னேகா அழகான வங்காளியில் விளக்கினாள். இருபத்தொன்பதாவது படத்தைக் காட்டினாள். ரிப்போர்ட் எழுதின அதிகாரி படத்தின் நேரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்தார். மாமா எழுந்து, சொருகியது தான்தான் என்று சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் முழுசாகச் சொன்னார். சைதன்யா வயரை வாங்கிப் பார்த்தார். மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தார். படித்துவிட்டு, குருபிரசாத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். தடயத்தின் மேல் தங்கள் ஏஜென்சி லேபிளை ஒட்டி ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறீர்கள், போலீஸ்காரர்களே இப்படிச் செய்வதில்லை என்று பாராட்டினார்.

கடவுளே நேரில் வந்து கதவைத் திறந்துவிட்டாற்போல் இருந்தது. தலையை ஆட்டினால் போதும், பாராட்டும் மிச்சம். குருபிரசாத் எழுந்தார். துப்பறிகிற ஒவ்வொருவனும் ஆயுளில் ஒரு தடவையாவது சொல்ல ஏங்குகிற வசனம் ஒன்று உண்டு. அவரும் அதைக் கண்ணாடி முன்னால் எத்தனையோ தடவை, புருவத்தை உயர்த்தி, விரலை நீட்டிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இப்போது அதற்கு நேரம் வந்துவிட்டது. புருவம்தான் உயரவில்லை.

"குற்றவாளி இந்த அறையிலதான் இருக்கான்" என்றார். "அந்த வயரைச் செஞ்சவன் நான்."

பயத்தில் தமிழில் சொல்லிவிட்டார். மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியவில்லை. இஸ்மாயில் மட்டும் தலை நிமிர்ந்தார். ஸ்னேகா சத்தமில்லாமல், வங்காளியில் தான் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். தன் ஓட்டை வங்காளியில், ஆண்பால் பெண்பால் எதுவும் பார்க்காத அந்த பாஷையிலும் எப்படியோ ஏழெட்டுத் தப்புப் பண்ணிக்கொண்டு, கொலு, பல்புச் சரம், இரண்டு பக்கமும் பின், ஸ்டிக்கர், வடை என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

சைதன்யா வேறு காகிதம் எடுத்தார். இஸ்மாயிலைப் பார்த்து, உங்கள் வேலையில் குறை இல்லை என்று எழுதுகிறேன், நீங்கள் போகலாம் என்றார். இஸ்மாயில் போகவில்லை. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். எட்டு நாளாக அடக்கிவைத்திருந்த அழுகை.

ஜெயந்த் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குருபிரசாத் பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் இருந்தார், ஆனால் குரல் சாதாரணமாகவே வந்தது. வங்காளியில் கேட்டார்:

"ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவை கட்டுப் பிரிக்கும்போதும் இந்த இஸ்மாயில் பாயைப் பேர் சொல்லித் திட்டினேன். அத்தனையும் தப்பான ஆளுக்குப் போயிருக்கு. நாளைக்கும் கட்டுப் பிரிக்கணும். உங்க பேர் என்ன?"

குருபிரசாத் சொன்னார். ஜெயந்துக்குச் சரியாக வாயில் வரும்வரை நின்று, இன்னொரு தடவையும் சொன்னார்.